பூசையில் இருக்கும் கீபோர்டு

1

கண்ணுகளா, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை துடியலூர்ப் பக்கம், பிரஷர் மாத்திரைக்கு வரிசையில் நின்றபோது கிடைத்தது. ஆஸ்பத்திரிப் பெயரைக் கேட்காதீர்கள். பாதியை நானே கட்டினேன். பதிவு மேசையில் ஒரு கீபோர்டு, மூன்று இடத்தில் பொக்கை.

"எலி கடிச்சுதுங்களா?" என்றேன்.

"இல்லீங்க, பாதுகாப்பு" என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கணினி யுகத்தின் விடியலில் மனிதன் தன்'

எனக்கே கொட்டாவி வந்தது. விட்டுவிட்டேன்.

2

அந்தப் பெண்ணுக்குப் புவனா என்று பெயர் வைப்போம். அவள் முன்னால் இருப்பது கம்ப்யூட்டர் மாதிரி ஒரு சின்னப் பெட்டி. உள்ளே ஒன்றுமில்லை, சரக்கெல்லாம் மாடியில் சர்வரில். புவனா பெயர் எழுதலாம், வயசு எழுதலாம், 'சேமி' அழுத்தலாம். சேமித்ததைத் திருத்த முடியாது. திருத்துவதற்கு, கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் அட்மின் கிருபாசங்கர் வர வேண்டும்.

யாரோ ஒருத்தி திரையில் தன் கல்யாணப் படத்தை வைத்துவிட்டாளாம். அன்றோடு பென்டிரைவ் போயிற்று, வலது கிளிக் போயிற்று. அப்படியும் மனசு ஆறாமல் கிருபாசங்கர் எல்லாக் கீபோர்டிலும் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்று மூன்று கட்டைகளையும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துவிட்டார். தான் உள்ளே நுழையவும் அதே மூன்று கட்டைகள்தான் வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதனால் முழுப் பல்லோடு ஒரே ஒரு கீபோர்டு அவர் அறையில்.

(அவரை முதலில் வில்லனாக எழுதி, மீசையெல்லாம் வைத்தேன். பிறகு மழித்துவிட்டேன். நல்ல மனிதர், சொன்ன வேலையைச் சரியாகச் செய்பவர். பயமே அதுதான்.)

3

ஆயுத பூசை நாள். தாராபுரத்துப் பாலுசாமியைக் குடல்வால் வீங்கி ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். ஒவ்வாமைக் கட்டத்தில் 'இல்லை' என்று பெட்டியே முன்கூட்டிப் போட்டு வைத்திருந்தது. புவனா அவசரத்தில் சேமி அழுத்தினாள். அதன்பிறகுதான் அவர் சம்சாரம் மயிலாத்தாள் வாயைத் திறந்தார்.

"அம்மணி, இவருக்குப் பென்சிலின் ஊசி ஆகாதுங்க. போன தடவ மேலெல்லாம் தடிச்சு, மூச்சே நின்னுபோச்சுங்க."

புவனா, லீவில் வீட்டிலிருந்த கிருபாசங்கருக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க சார், ஒரு திருத்தமுங்க. அவசரம்."

"கீபோர்டு பூசையில இருக்குதுங்களே."*

"நான் எடுத்துக்கட்டுங்களா?"

"பூசையில வெச்சத எடுக்கலாமுங்களா? காலைல மறுபூசை போட்டு எடுத்துத் தாரேன்."

*சந்தனம், குங்குமம், பக்கத்தில் பொரி. எஸ்கேப் கட்டைக்கு மட்டும் பெரிய பொட்டு.

4

"ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு போன் போட வேண்டியதுதானே?" என்பீர்கள். போட்டாள். எடுத்தவள் நர்ஸ் டீனா.

"சிஸ்டத்துல 'இல்லை'ன்னு காட்டுதுங்கக்கா. வாயில சொன்னா நான் எதுல ஏத்தறது? மாத்தி உடுங்க."

5

முதல் முடிவு: புவனா பொரி சிதற கீபோர்டைப் பிடுங்கி வருகிறாள், மூன்று கட்டைகளையும் அழுத்துகிறாள். பாஸ்வேர்டு கேட்கிறது. (எனக்கும் தெரியாது.)

இரண்டாவது: கிருபாசங்கர் மனம் மாறி மேட்டுப்பாளையம் ரோட்டில் பறந்து வரு

பண்டிகை நாளில் அந்த ரோட்டில் யார் பறந்தார்கள்? இது பொய்.

மூன்றாவது: புவனா மேசையில் கிடந்த சிவப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு ஸ்ட்ரெச்சர் பின்னால் ஓடுகிறாள். பாலுசாமியின் வலது கையைப் பிடித்து எழுதுகிறாள்.

"ஏங்கண்ணு, எனக்கும் பொட்டு வெக்கறயா?"

"ஆமாங்கய்யா. அழிச்சுபோடாதீங்க."

தியேட்டர் கதவு சாத்திக்கொள்கிறது. உள்ளே போக அவளுக்கு அனுமதியில்லை. எனக்கு உண்டு, நான்தானே எழுதுகிறேன். டீனா பென்சிலின் ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள். இடப்பக்கம் திரை: 'இல்லை'. வலப்பக்கம் பாலுசாமியின் கை: 'பென்சிலின் ஆகாது'. அவள் இன்னும் தலையைத் திருப்பவில்லை.

நான் சேமி அழுத்தவில்லை, கண்ணுகளா. திருத்தும் அனுமதியை உங்களுக்கே தருகிறேன். சீக்கிரம் ஆகட்டும். வெளியே மயிலாத்தாள் உட்காராமல் நிற்கிறார்.