கமிஷன் போக மிச்சம்

முதல் ஷிப்டு பஸ்கள் சுரங்கத்துக்குக் கிளம்பும் முன்பே, நகரியத்தை ஒட்டிய அந்த வீட்டின் கார் ஷெட்டில் நடக்கும் ஜாக்கெட் கடையில் மூன்று பெண்கள் குனிந்திருந்தார்கள். மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய அரக்குப் பட்டில், ஆரி ஊசி இறங்கி ஏற ஏற, முத்து முத்தாக ஒரு மயில் எழுந்துகொண்டிருந்தது. கண்ணகிக்குக் கழுத்து நரம்பு இழுத்தது. செல்லக்கிளிக்கு விரல் நுனியில் ஊசி குத்திய இடம் ஆறுவதற்குள் மறுபடி குத்தியது. கல்யாண ஜாக்கெட்டில் ரத்தம் பட்டால் கூலியில் பிடிப்பார்கள். விரலை வாயில் வைத்துக்கொண்டாள். இளையவளான அபி டியூப் லைட்டின் கீழ் கண்ணைக் கசக்கியபடி ஜரி நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மூவருக்கும் ஊர் முத்தாண்டிக்குப்பம்.

முதலாளி கிருஷ்ணப்ரியா காபியோடு வந்தாள். காபி அவளுக்கு. 'மேடம் வேண்டாம், அக்கான்னு கூப்பிடுங்க' என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தாள். அந்த உறவில் அவளுக்குச் செலவு எதுவும் இல்லை.

"இனிமே புது முறை. கஸ்டமரைக் கூட்டிட்டு வர்றவங்களுக்குப் பத்து பர்சன்ட் கமிஷன்."

அபி நிமிர்ந்தாள். "எங்களுக்குமாக்கா?"

கிருஷ்ணப்ரியா சிரித்தாள். "உங்க ஊர்ல பன்னெண்டாயிரம் ரூபா ஜாக்கெட் யாரு போடுறா? என் கிளப் ஃப்ரெண்ட்ஸுக்குத்தான்."

"அந்தப் பணம் எதுலேர்ந்துங்க?" கண்ணகி ஊசியை நிறுத்தாமல் கேட்டாள்.

"கூலியிலதான் அட்ஜஸ்ட் பண்ணணும். ஒரு ஜாக்கெட்டுக்கு மூவாயிரத்துக்குப் பதிலா ஆயிரத்து எண்ணூறு. அதுக்கு மேல வழியே இல்ல."

"வெலைய ஏத்துங்க. இல்லன்னா ஒங்க லாபத்துலேர்ந்து குடுங்க."

புன்னகை போய்விட்டது. "டிசைன் என்னுது. ஊசி யார் வேணா குத்தலாம்."

அந்த டிசைன் யாரோ ஒருத்தியின் இன்ஸ்டாகிராம் பக்கத்திலிருந்து சுட்டது. சுட்டதையும் சொந்தம் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அது அவளிடம் தாராளமாக இருந்தது.

சத்தம் கேட்டு அவள் கணவர் சண்முகசுந்தரம் வெளியே வந்தார். சுரங்கத்தில் பெர்மனென்ட். போன மாதம் போனஸ் கேட்டு, கொடி பிடித்து, தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டவர். இன்னும் குரல் முழுசாகத் தெளியவில்லை. அந்தக் கரகரத்த குரலிலேயே சொன்னார்: "சங்கம் கிங்கம்லாம் இங்க வேணாம்மா. இது வீட்டுத் தொழில்."

செல்லக்கிளி விரலை வாயிலிருந்து எடுத்தாள். "நீங்க கேட்டா உரிமை, நாங்க கேட்டா கிங்கமா சார்?"

அவருக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. ஹெல்மெட்டைத் தேடிப் போனார்.

கண்ணகி நூலை அறுத்தாள். மயில் கழுத்துவரைதான் வந்திருந்தது. மூவரும் எழுந்தார்கள்.

"பழைய கூலி குடுத்தா கூப்பிடுங்க, வர்றோம்."

"வெள்ளிக்கிழமை முகூர்த்தம்டீ!" அக்காவின் குரல் முதலாளியின் குரலாகிவிட்டது. "போங்க. செவ்வந்தி இருக்கா. இருக்கற கடனுக்கு எவ்வளவு குடுத்தாலும் வருவா."

அவர்களுடைய பயமும் அதுதான். செவ்வந்தி அதே ஊரில் வீட்டிலேயே மரச்சட்டம் போட்டு இந்தக் கடைக்குத் தைப்பவள். கணவன் போன பிறகு குழுக்கடனோடு தனியாக மல்லுக்கட்டுகிறவள். பஸ் பிடித்து நேராக அவளிடம் போய் நடந்ததைச் சொன்னார்கள்.

செவ்வந்தி தவணை அட்டையை எடுத்துக் காட்டினாள். "நாளைக்குத் தவணை கட்டணும். என்னா பண்ணுவேன்?"

"தெரியும். நாங்க மூணு பேரும் சேத்துப் போடறோம்" என்றாள் கண்ணகி. அபி பர்ஸைத் திறந்தேவிட்டாள்.

அப்போது செவ்வந்தியின் போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"செவ்வந்தி, தங்கம்! அதுங்க திமிர் புடிச்சுப் போயிடுச்சுங்க. ஒரு மயிலு பாதியில நிக்குது. நீ முடிச்சுக் குடு, மூவாயிரத்து ஐநூறு தரேன்."

காலையில் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் வழியில்லாத கடை.

செவ்வந்தி மூன்று முகங்களையும் பார்த்தாள்.

"அவ்ளோ குடுக்க முடியும்னா, தைச்சிக்கினு இருந்தவங்களுக்கே குடுங்கக்கா. கண்ணகி சொல்லாம நான் ஊசிய தொடமாட்டேன்."

போனை வைத்தாள். மூன்றாம் வீட்டில், அதே கடைக்குத் தைக்கும் இன்னொருத்தியின் போன் அடிக்கத் தொடங்கியது.

"வாங்கடீ" என்று செருப்புகூட மாட்டாமல் அந்த வீட்டை நோக்கி முதலில் இறங்கி நடந்தவள் செவ்வந்திதான்.