அப்பா வெட்ட, அம்மா தைக்க

மூலைக்கு மூலை ஸ்கேலை வைத்து, அப்பா பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு வண்டி வந்துவிடும், குளித்துச் சட்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று மகள் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். தாய்மாமா வந்து தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். இதை முடித்துவிடுகிறேன் என்பதற்கு மேல் அப்பாவிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

சாப்பாட்டு மேசை முழுக்க நீலமும் வெள்ளையுமாகத் துணி. உள் அறையில் அம்மா. விடியற்காலையில், தூக்கத்திலேயே, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்விட்டாள். உயிரோடு இருந்தவரை அப்படி இருந்தவள் இல்லை. மகளுக்கு அழுகையே வரவில்லை. மனசு மரத்துப்போய், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அச்சகத்தில் முப்பது வருஷம் காகிதம் வெட்டிய கை அப்பாவுடையது. ஓய்வு பெற்ற மறுநாளே அம்மா அதைத் துணிக்குத் திருப்பிவிட்டாள். நீலச் சதுரத்தையும் வெள்ளைச் சதுரத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அவர் குறுக்கே கோடு போடுவார். கோட்டுக்கு இரண்டு பக்கமும் அம்மா தைத்துத் தருவாள். பிறகு அவர் கோட்டின்மேல் வெட்டுவார். விரித்தால் பாதி நீலம், பாதி வெள்ளையாக இரண்டு துண்டு. அப்படி நாலைச் சேர்த்தால் ஒரு காற்றாடி. இருவரும் சேர்ந்து தைத்துவந்த ஒட்டுத்துணிப் போர்வைக்கு இன்னும் ஒரே ஒரு காற்றாடிதான் பாக்கி.

கோடு போட்ட இரண்டு ஜோடியையும் தையல் மெஷின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அப்பா காத்திருந்தார். எதிரே முக்காலி காலியாக இருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அம்மாவை இவர் இல்லாமலே அனுப்பவேண்டி வருமோ என்று மகளுக்குப் பயம் வந்துவிட்டது. கையில் இருந்த நாற்காலியை வைத்துவிட்டு முக்காலியில் போய் உட்கார்ந்தாள்.

மெஷினைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. தையல் பாம்பு மாதிரி நெளிந்தது. இந்த நேரத்தில் தையல் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று யாரோ முணுமுணுக்க, அவர்களை மாமா நைசாக வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அப்பா வெட்டினார். விரித்து, நகத்தால் மடிப்பை அழுத்தி, நாலு துண்டையும் சேர்த்து வைத்தார். ஒன்று தலைகீழாக இருந்தது. காற்றாடி அந்த இடத்தில் சுற்றாமல் நின்றுபோயிருந்தது.

"சரியா இருக்கா?" தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

மகள் பார்த்தாள். திருப்பி வைக்கச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"சரியா இருக்குப்பா."

காலையிலிருந்து முதல் தடவையாக அப்பா அவள் முகத்தைப் பார்த்தார்.

"உங்கம்மா ஒரு நாளும் சரின்னு சொன்னதில்ல."

அப்பா வேட்டியில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்து மேசை மேல் வைத்தார்.

"மாமாகிட்ட சொல்லு. குளிச்சிட்டு வந்துடறேன்."

மேசையைப் பிடித்துக்கொண்டுதான் அவரால் எழுந்திருக்க முடிந்தது.