பெயர் வரும் வரை

என் அக்கா பெத்தம்மாளின் மகள் ஜானகிக்குக் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் அக்கா எனக்கு இட்ட முதல் கட்டளை இதுதான்: "தங்கையா, அந்த வீராசாமி அண்ணன வாழ்த்துப்பா மட்டும் படிக்க விட்டுடாதே."

வீராசாமி எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் நிறுப்பவர். யார் வீட்டுக் கல்யாணமானாலும் தாலி ஏறியதும் காகிதத்தோடு எழுந்துவிடுவார். இலையில் சோறு ஆறும், பிள்ளைகள் அழும், அவர் நிறுத்தமாட்டார். பாட்டு சோறு போடுமா என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். அந்த மனிதரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகாதபடி தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. வெளியூர்க்காரர்கள் பகல் இரண்டு மணிக்குள் கேட்டைத் தாண்டி வெளியேறியாக வேண்டும். முகூர்த்தம் பன்னிரண்டரைக்குள். பதினொன்றரை ஆகியும் சுங்கை ரம்பாயிலிருந்து மாப்பிள்ளை வீட்டு லாரி வரவில்லை. வழியெல்லாம் போலீஸ் சோதனை.

பந்தலில் முணுமுணுப்புக் கிளம்பியது. "மாப்பிள்ளை வாராரோ இல்லையோ, நாம உள்ள மாட்டிக்கக் கூடாதுலா" என்று ஜாசின் மளிகைக்கடை மஜீது பாய் செருப்பைத் தேடினார். அவர் பின்னால் பத்துப் பேர் எழுந்தார்கள். கூட்டம் கலைந்தால் மாப்பிள்ளை வரவில்லை என்ற சேதி மத்தியானத்துக்குள் ஜாசின் முழுக்கப் பரவிவிடும். புருஷனை இழந்த அக்கா, ஒற்றை ஆளாய் ரப்பர் மரம் சீவி வளர்த்த பெண் ஜானகி. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

நானே போய் வீராசாமியின் கையைப் பிடித்தேன். "அண்ணே, படிங்க."

"மாப்பிள்ளையே இல்லியே தம்பி, யார வாழ்த்துறது?"

"வந்திருக்கிறவங்கள வாழ்த்துங்க!"

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"வேலிக்குள் நாமிருந்தும் விருந்துக்குக் குறைவில்லை,
வேலாயி கைரசம்போல் வேறெங்கும் கிடைப்பதில்லை!"

பந்தல் சிரித்தது. அடுப்படியிலிருந்த வேலாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"மஜீதுபாய் கடைமல்லி மணக்காத வீடில்லை,
மருந்துக்கும் கல்லதிலே கலந்ததாய்ப் பேச்சில்லை!"

பாய் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு முன்வரிசைக்கு வந்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

அதற்குப் பிறகு ஒருவரும் அசையவில்லை. தன் பெயர் வராமல் போக யாருக்கும் மனமில்லை. பெயர் வந்தவர்களுக்கோ அடுத்தவரை என்ன சொல்கிறார் என்று கேட்காமல் போக மனமில்லை. கேட்டில் காவல் நின்ற காளிமுத்துகூட ஓடிவந்து தன் பெயரைச் சொல்லிவிட்டு ஓடினான்.

பன்னிரண்டே காலுக்கு வீராசாமி என் பக்கம் திரும்பினார். கம்மிய குரலில், "தாய்மாமன் தங்கையா..." என்று தொடங்கினார்.

வெளியே லாரி ஹாரன். மேளம் முழங்கியது. கூட்டம் மொத்தமும் எழுந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமா நஞ்சமா!

"மாப்பிள்ளைய ரெண்டு நிமிஷம் லாரிலேயே உக்காரச் சொல்லுங்கலா!" என்று கத்திவிட்டேன்.

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். "வீராசாமி அண்ணே, இவனுக்கும் ரெண்டு வரி பாடிடுங்க. இல்லேன்னா தாலி கட்ட விடமாட்டான்."