இருநூற்றுப் பதினெட்டாம் சாக்கு

சுடலைமாடத்திக்குத் தேயிலைத் தோட்டக் கம்பெனி கொடுக்க வேண்டிய பாக்கி அறுபத்திரண்டாயிரத்து நானூற்று எண்பது ரூபாய். முப்பத்தொரு வருஷம் கொழுந்து கிள்ளியதற்கான சர்வீஸ் பணம். தோட்டத்தைப் பூட்டிய நாளிலிருந்து பன்னிரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக நடந்து கேட்டாள். நடந்தே ஓய்ந்து போய்ச் சேர்ந்தாள். அவள் போயும் பதினோரு வருஷமாகிறது. பணம் மட்டும் ஒரு சீட்டில் சாகாமல் இருந்தது. அந்தச் சீட்டை மகன் பால்பாண்டி பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான்.

பால்பாண்டிக்கு வயது ஐம்பத்தாறு. மலையை விட்டு இறங்கி, மலையாளச் சீமையில் கழக்கூட்டத்தில் பைபாஸுக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சத்து மாத்திரைக் கம்பெனியில் ஒன்பது வருஷமாகக் குடோன் வேலை. லாரியில் வரும் மூலிகைச் சாக்குகளை இறக்க வேண்டும், அடுக்க வேண்டும், ஒவ்வொரு சாக்கிலும் குத்தூசியைச் செருகி ஒரு பிடி எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும், நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வேலைக்காகவே நாற்பத்தேழு வயதில் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்தான். மலையாளம் முதலில், தமிழ் பிறகு. அதுவரைக்கும் அவனுக்குக் கையெழுத்து என்றால் பெருவிரல்தான்.

அன்று மத்தியானம் லேபிலிருந்து சுஜா கையில் ஒரு மாத்திரை டப்பாவோடு வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். சரக்கு நல்லதா கெட்டதா என்று முடிவு சொல்கிறவள்.

"பாண்டியண்ணே, சாப்பிட்டாச்சா?"

"கஞ்சிதான் மேடம். என்ன, முகமே சரியில்ல?"

"சீந்தில் மாத்திரைக்கு ஒரு கம்ப்ளைன்ட் வந்திருக்கு. நெடுமங்காட்டுல ஒரு டீச்சர். மூணு மாசமா இதைச் சாப்பிட்டிருக்காங்க. மஞ்சக்காமாலை வந்து ஆஸ்பத்திரியில கெடக்காங்க. டாக்டர் மாத்திரையைத்தான் சந்தேகப்படுதாரு."

டப்பாவின் முதுகில் ஒரு கறுப்புக் கட்டம் அச்சடித்திருந்தது. அதன்மேல் போனைக் காட்டினால் மாத்திரைக்குள் இருக்கும் மூலிகை எந்தக் காட்டில், யார் கையால் பறிக்கப்பட்டது என்பது வரைக்கும் தெரியும். கம்பெனி தலையில் தூக்கி வைத்து ஆடும் பெருமை அது. சுஜா போனைக் காட்டினாள். திரையில் மஞ்சு மூடிய மலைப் படம் ஒன்று எழுந்தது. அதன் கீழே மலையாளத்தில் மூன்று வரி.

"இந்த அம்மையை உங்களுக்கு அறியுமா? நீங்க அந்த மலைக்காரர் அல்லே?"

பால்பாண்டி வாங்கி, எழுத்தின் அடியில் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினான். பறித்தவர்: சுடலைமாடத்தி. வயது: 52. எண்: 218.

சுடலைமாடத்தி என்ற பேர் உலகத்தில் பத்துப் பேருக்கு இருக்கலாம். இருநூற்றுப் பதினெட்டு ஒருத்திதான். தோட்டத்தில் காலை ஆறு மணிக்குப் பிரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்தி, ஆபீசர் புத்தகத்தைப் பார்த்து நம்பர் கூப்பிடுவார். இருநூத்திப் பதினெட்டு என்றதும் மஞ்சுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வரும்: "வந்தேன்யா!" கடைசிப் பிரட்டுப் புத்தகத்தில் அவளுக்கு ஐம்பத்திரண்டு. இன்னும் அதே ஐம்பத்திரண்டுதான். மகனைவிட நாலு வயது சின்னவளாகி நிற்கிறாள்.

"பேரு... கேட்ட மாதிரி இருக்கு" என்றான்.

"அவங்க கொடியை மாத்தி வெட்டிட்டாங்கன்னு மேனேஜர் சொல்லுதாரு. சரக்கு போடுற அண்ணாச்சி அவங்ககிட்ட ஒரு பாரத்துல கைநாட்டு வாங்கிட்டு வருவாராம். திங்கக்கிழமை ஆடிட்டர் வரதுக்குள்ள பேரை லிஸ்டுலருந்து எடுத்துட்டு ஃபைலை மூடணுமாம்." சுஜா போனை வாங்கிக்கொண்டாள். "பாவம். அறியாத சனம்."

அவள் போன பிறகு பால்பாண்டி குடோனுக்குள் நடந்தான். வெளியே மழை பிடித்திருந்தது. தகரக் கூரையில் அடித்த அடியில் பட்டப்பகலே இருண்டது. அதே சரக்கில் மாத்திரைக்கு அரைத்தது போக மிச்சம் இருபத்துமூன்று சாக்கு பின்சுவரோரம் கிடந்தது. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு அட்டை தைத்திருந்தது. சரக்கு நம்பர் கொட்டை எழுத்தில் இருக்கும். அதை மட்டும்தான் அவன் படிப்பான். கீழே பொடி எழுத்தில் இருந்த பேரை ஒரு நாளும் கூட்டிப் பார்த்ததில்லை. அவசர வேலையில் நம்பரைப் படிக்கவே மூச்சு முட்டும்.

இன்று குனிந்து படித்தான். தொண்ணூற்றேழு, ஆறுமுகசாமி. சவுக்கு மரம் வெட்டும்போது கிளை விழுந்து செத்தவர். நூற்று நாற்பது, இசக்கிசெல்வி. பிரசவ வலியோடு ஜீப்பில் இறக்கும்போது ஏழாவது வளைவிலேயே கண் மூடியவள். நூற்று அறுபத்தொன்று, நூற்று எண்பது... எல்லோரும் மண்ணுக்குள் போனவர்கள். எல்லோரும் ஆறு மாசம் முன்னே கொடி வெட்டி, காய வைத்து, சாக்குப் பிடித்து அனுப்பியிருந்தார்கள்.

வாய்விட்டுத்தான் படித்தான். அவனுக்கு அப்படித்தான் படிக்க வரும். ஒவ்வொரு நம்பருக்கும் சாக்குகளுக்கு இடையிலிருந்து யாரோ மூச்சு வாங்குவது போலிருந்தது. நனைந்த கம்பளியும் விறகுப் புகையும் கலந்த வாடை வந்தது. மூலிகை வாடைதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். மூலிகைக்கு அந்த வாடை கிடையாது என்பதும் அவனுக்குத் தெரியும்.

"இருநூத்திப் பதினெட்டு" என்றான்.

"வந்தேன்யா."

காதில்தான் கேட்டதா, நெஞ்சிலா என்று அவனால் சொல்ல முடியாது. அந்தச் சாக்கின் தையலைப் பிரித்தான். உள்ளே காய்ந்த தண்டுகள். ஒன்றை எடுத்துத் தடவினான். தவளை முதுகு மாதிரி முண்டு முண்டாக இருந்தது. காய்ச்சல் வந்தால் அம்மா சீந்தில் கஷாயம் வைப்பாள். தோலை உரித்தால் காகிதம் போல வரும் கொடியைத்தான் எடுப்பாள். "முண்டு கெடக்குத கொடியைத் தொட்டிராதலே, அது வேற சாதி" என்று அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். அவளா இதை வெட்டியிருப்பாள்?

"என்னலே பாண்டி, சாக்கோட பேசிக்கிட்டிருக்க?"

கோமதிநாயகம் அண்ணாச்சி குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றார். சாலைக் கடைத்தெருவில் மூலிகை மண்டி வைத்திருப்பவர். இந்தச் சரக்கெல்லாம் அவர் போடுவதுதான். ஒவ்வொரு தடவையும் மூன்று சாக்கை முன்னால் நிறுத்துவார். "இதைக் குத்துனாப் போதும்லே. மத்ததும் இதே கொடிதான். எதுக்கு நாப்பதையும் குத்தி முதுகை ஒடிச்சுக்கிடுத?" முதுகு வலிக்கத்தான் செய்யும். மூன்றைக் குத்திவிட்டு நாற்பதுக்கும் கையெழுத்துப் போட்டவன் பால்பாண்டி. லேபுக்குப் போன மூன்று பிடியும் நல்ல கொடி.

"அண்ணாச்சி, இதெல்லாம் செத்தவங்க பேரு."

"சத்தம் போடாத." அண்ணாச்சி பக்கத்தில் வந்தார். "தோட்டத்து ஆபீஸைக் காலி பண்ணும்போது பிரட்டுப் புஸ்தகம் எடைக்கு வந்துச்சு. கம்பெனிக்காரன் ஆள் பேரு, நம்பரு, வயசுன்னு உயிரை வாங்குதான். உயிரோட இருக்கிறவன் நாளைக்கு வந்து கூலி கேப்பான். செத்தவன் கேப்பானா?"

"அவ கூலியை யாரு வாங்குனா?"

"யாரு வாங்குனா என்னடே? இப்பம் உன் கைக்கு வருதுல்லா." மடியிலிருந்து ஒரு நோட்டுக்கட்டை எடுத்து அம்மாவின் சாக்கின்மேல் வைத்தார். "அறுபத்திரண்டாயிரத்து நானூத்தி எம்பது. நீதான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவியே. தோட்டத்துக் கம்பெனி தராத கடனை நான் தீர்க்கேன். எண்ணிக்கோ."

எண்ண வேண்டியிருக்கவில்லை. மேலாகவே நாலு இருபது ரூபாய்த் தாள் தெரிந்தது. அவ்வளவு கணக்காகக் கொண்டு வந்திருந்தார்.

"நான் என்ன செய்யணும்?"

அண்ணாச்சி பாரத்தை விரித்தார். மை டப்பாவைத் திறந்தார். "உங்கம்மை கைநாட்டுதானே? உன் பெருவிரலை வையி. தாய் விரலுக்கும் மகன் விரலுக்கும் எவன் வித்தியாசம் பாக்கப்போறான்? வச்சா உன் வேலையும் நிலைக்கும். இல்லேன்னா, மூணு சாக்கு குத்துன கதையை நானே மேனேஜர்கிட்ட சொல்லணும்."

பால்பாண்டி பெருவிரலை மையில் அழுத்தினான். மை குளிர்ந்தது. பாரத்தின் மேல் விரலைக் கொண்டுபோய் அப்படியே நிறுத்தி, வரிகளைக் கூட்ட ஆரம்பித்தான்.

"படிச்சு நீ என்ன கலெக்டர் ஆகப் போறியா? வைடே!"

"இரிங்க அண்ணாச்சி. எனக்கு மெள்ளத்தான் வரும்."

'நான் அறியாமையால் தவறான கொடியை வெட்டிக் கொடுத்துவிட்டேன். அதனால் ஏற்பட்ட கேட்டுக்கு நானே பொறுப்பு.'

அந்த வரி முடியும்போது சாக்குக்குப் பின்னாலிருந்து மறுபடி அதே குரல். அதே பணிவு. "வந்தேன்யா." கூப்பிட்டால் எதற்கும் வந்துவிடுகிறவள். காய்ச்சலிலும் வந்தவள். இப்போது விஷம் வைத்தவள் என்று கூப்பிட்டாலும் வந்து நிற்கிறாள்.

பால்பாண்டி பெருவிரலைக் காக்கி நிக்கரில் துடைத்தான். முழுக்கப் போகவில்லை. பாரத்தையும், சாக்கிலிருந்து ஒரு முண்டுத் தண்டையும் எடுத்துக்கொண்டு லேபை நோக்கி நடந்தான். பின்னால் அண்ணாச்சி, "எலேய், வேலை போயிரும்! சீட்டை நக்கிட்டுத்தான் கெடப்ப!" என்று கத்தினார். கத்திக்கொண்டே பணத்தை மடியில் சொருகினார்.

சுஜாவின் மேசைக்குப் போய், பேனா கேட்டு வாங்கினான். பாரத்தில் விரல் வைக்கச் சொன்ன கட்டத்துக்குள் எழுதினான். கட்டம் போதவில்லை, வெளியே வழிந்தது. 'சுடலைமாடத்தி என் அம்மா. பதினோரு வருஷம் முன்னே செத்துப்போனாள். இந்தக் கொடி அவள் வெட்டியது இல்லை. நாற்பது சாக்கில் மூன்றைத்தான் நான் குத்தினேன். நாற்பதுக்கும் கையெழுத்துப் போட்டேன். பால்பாண்டி.'

சுஜா இரண்டு தரம் படித்தாள். "அண்ணே, வேலை..."

"தெரியும் மோளே." தண்டை மேசைமேல் வைத்தான். மேடம் என்பதை மறந்து மகளே என்று கூப்பிட்டிருந்தான்.

"செத்ததுக்கு ஆதாரம் கேப்பாங்க. இருநூத்திப் பதினெட்டும் உங்க அம்மையும் ஒண்ணுதான்னு எப்படிக் காட்டுறது?"

சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தான். சீட்டின் முன்பக்கம் பேர், நம்பர், பாக்கித் தொகை. பின்பக்கம் லேபர் ஆபீஸ் முத்திரை, இறந்த தேதி, வாரிசு மகன் என்ற குறிப்பு.

"ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தாரேன். அசல் இல்லாம நீங்க பணம் கேக்க முடியாதுல்லா?"

"ஜெராக்ஸைப் பாத்தா கள்ளச்சீட்டும்பாங்க. அசலே கெடக்கட்டும். கேட்டு நடந்தது போதும். அவ பேரைப் பிரட்டுல வெட்டுனாச் சரி."

சுஜா சீட்டைப் பாரத்தோடு சேர்த்துத் துளை போட்டுக் கட்டினாள். துளை நானூற்று எண்பதின் மேல் விழுந்தது. பிறகு நிமிராமல் கேட்டாள்: "இதுக்கு முன்னால எத்தனை லோடு அண்ணே, இப்படி மூணு சாக்கு?"

"நாலு."

அவள் அந்த நாலையும் எழுதிக்கொண்டு, மாத்திரைகளைத் திருப்பி எடுக்கச் சொல்லிப் போன் போட ஆரம்பித்தாள்.

பால்பாண்டி குத்தூசியை ஒப்படைக்கக் குடோனுக்குத் திரும்பினான். மழை விட்டிருந்தது. அண்ணாச்சி இல்லை. தையல் பிரிந்த சாக்கின் முன்னால் நின்று ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தான்.

"இருநூத்திப் பதினெட்டு."

கூரை ஓரத்தில் தண்ணீர் சொட்டியது. யாரும் வரவில்லை. பெருவிரலில் மை மட்டும் இன்னும் இருந்தது.