பெரிய வெள்ளியன்று ஒரு மாத்திரை

“இன்னைக்கு யாவாரமே இல்லீங்க கம்பவுண்டர் சார். சவேரியார்பாளையத்துச் சனம் பூரா ஒருசந்தி. சாயங்காலம் வரைக்கும் பச்சத்தண்ணிதான்” என்றார் டீக்கடை மாரப்பன்.

காளியப்பன் டம்ளரை அப்படியே கீழே வைத்தான்.

எண்பத்தாறாம் வருஷத்துப் பெரிய வெள்ளிக்கிழமை அது. ஏரியூருக்குத் தெற்கே ஒரு சிறிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுப்பவன் அவன். சர்க்கரை நோயாளிகளுக்குச் சனிக்கிழமைதோறும் வராந்தாவில் அவனே வகுப்பும் எடுத்தான். நீலக் கரைசலில் சிறுநீர் விட்டுக் காய்ச்சி, அது பச்சையாகிறதா செங்கல் நிறமாகிறதா என்று பார்க்கப் பழக்கினான். மாத்திரையை நாலு நாள் விழுங்கி நாலு நாள் மறப்பவர்களைத் திருத்த ஒரு வாசகம் கட்டி, எல்லாரையும் உரக்கச் சொல்லவைத்தான்: ‘சோறு தவறினாலும் மாத்திரை தவறக்கூடாது.’ அதில் அவனுக்குப் பெருமை வேறு.

வெறும் வயிற்றில் அந்த மாத்திரை ரத்தத்துச் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். அதைப் படித்தவன்தான் அவன். வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை.

சீனி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தான். மாத்திரை போட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்தான். போட்டிருப்பார்கள், அத்தனை சத்தமாகச் சொன்னவர்களாயிற்றே என்றும் நினைத்தான். வழியில் செயின் கழன்றது. மாட்டிக்கொண்டு மறுபடி மிதித்தான்.

சவேரியார்பாளையத்தில் மாத்திரைக்காரர்கள் மூன்று பேர். சவுரியப்பன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நோயாளிக்கு ஒருசந்தி வேண்டாம் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டாராம். வியாகுலம் ஒரு வாரமாக மாத்திரையையே தொடவில்லை. மிக்கேலம்மாள் வீடு பூட்டிக் கிடந்தது.

ஊரே கரட்டுக் குன்றின் மேல் சிலுவைப்பாதை ஜெபத்தில் இருந்தது. உச்சி வெயிலில் அவனும் ஏறினான். ஒன்பதாம் தலத்துச் சிலுவையருகே மிக்கேலம்மாள் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை தெப்பலாக நனைந்து, உதடுகள் நடுங்கின. பக்தியில் உருகுகிறாள் என்று மற்றவர்கள் விலகி நின்றார்கள்.

“காலையில மாத்திர போட்டாங்களா?” அவள் மகள் பாக்கியமேரியிடம் கேட்டான்.

“போட்டாங்க. நீங்க சொன்னதுதானுங்களே.”

சீனியைத் தண்ணீரில் கரைத்து நீட்டினான். மிக்கேலம்மாள் பல்லை இறுக்கிக்கொண்டாள். “சக்கர ஆவாது... ஒருசந்தி...” நாக்குக் குழறியது.

“ஆத்தா, நான் சொன்னது தப்புங்க! முழுங்குங்க!”

அவன் போட்ட கூச்சலில் ஜெபம் நின்றுபோனது. பாக்கியமேரி தாயின் தாடையைப் பிடித்துக்கொள்ள, வாய் வாயாகப் புகட்டினான். கால்மணி நேரம் கழித்து மிக்கேலம்மாளின் பார்வை தெளிந்தது.

“கம்பவுண்டரா? நீங்க எப்பங்க சிலுவைப்பாதைக்கு வந்தீங்க?”

மறுநாள் வகுப்புக்குப் பதினாலு பேர் வந்தார்கள். அவளும் வந்திருந்தாள். காளியப்பன் உட்காராமலே பேசினான். “சோறு இல்லாத வேளைக்கு மாத்திரையும் வேண்டாங்க. வேர்த்து, கை நடுங்குனா ஒடனே சக்கரை தின்னுங்க. இத்தன நாளா அரைகுறையாச் சொல்லிக் குடுத்துட்டேன்.”

யாரும் ஏசவில்லை. மிக்கேலம்மாள்தான் கேட்டாள். “சரிங்க. இன்னும் எதெல்லாஞ் சொல்லாம வுட்டிருக்கீங்க?”

குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். காளியப்பன் உள்ளே போய்த் தன் பழைய பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்து வந்து, அத்தனை பேரும் காத்திருக்க, நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினான்.