குழிக்குள் இறங்கிய முந்திரிக்கொட்டை

அவருக்கு முந்திரிக்கொட்டை என்று பேர் வைத்தது யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவார். பதில் தப்பென்று தெரிந்தால் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்துவார், அவ்வளவுதான். ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்காலின் தலைமடையில் முதல் மதகு அவருடையது. முறைத் தண்ணீர் வந்தால் அவருடைய மக்காச்சோளம் வயிறு முட்டக் குடித்த பிறகுதான் கீழே இறங்கும். கடைமடையில் இருந்தது அவருடைய தங்கையின் வயல். அங்கே போய்ச் சேரும் தண்ணீர் கால் நனைக்கக்கூடக் காணாது.

தங்கை சும்மா உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை. அந்த வாய்க்காலை நம்பிப் பிழைக்கும் விவசாயிகளைத் திரட்டி ஒரு குழு அமைத்திருந்தாள். எதையும் சொந்த வயலில் செய்து பார்ப்பார்கள், கண்டதை அடுத்தவருக்குச் சொல்வார்கள். இந்தப் பருவத்தில் அண்ணனிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"பயிர் சின்னதா இருக்கும்போது ஒரு முறை விட்டு ஒரு முறை பாய்ச்சினாப் போதுமான்னு பார்க்கலாம்ணே. போதும்னா மிச்சத் தண்ணி கீழ வருமில்ல?"

"பட்டினி போட்டா பயிர் வளருமா? என் வயல்லயே பாதியில செஞ்சு பாரு. அந்தப் பாதி தேறிச்சுன்னா அதுக்கடுத்த முறையே என் மதகை மூடறேன், போ!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அவர் மூடினால் தாங்களும் மூடுவதாக மற்ற தலைமடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த முறைதான் நாளைக் காலை வருகிறது. தங்கையின் வயலில் ஒரு முழம் தோண்டினால் பாறை. வேர் இறங்க வழியில்லை. நாளை தண்ணீர் எட்டாவிட்டால் அவள் பயிர் கருகிப்போகும்.

தண்ணீர் குறைத்த பாதி சாகவில்லை, மற்ற பாதியின் உயரத்துக்கே நின்றது. ஆனால் முந்திரிக்கொட்டை விடுவாரா? "மேல பார்த்து ஏமாறாதீங்க. உள்ள வேர் நொந்து கிடக்கும். பெருங்காத்து அடிக்கட்டும், குப்புற விழும்" என்றார். சரி, உள்ளேயே பார்த்துவிடலாம் என்று இரண்டு பாதிகளும் சேருகிற இடத்தில் ஆளுயரக் குழி தோண்டினார்கள். இரண்டு சுவர்களிலும் மண்ணை மெல்லக் கீறி, தண்ணீர் தெளித்துக் கழுவி, வேர் வெளியே தெரியும்படி செய்தார்கள்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வயல்காரர் கண்ணுக்குத் தான் நினைத்ததுதான் தெரியும் என்பதால், கண்ணைக் கட்டி, நாலு சுற்று சுற்றிவிட்டுத்தான் குழியில் இறக்குவார்கள். நிழல் திசையைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க உச்சி வெயிலில் இறக்குவார்கள். எந்தச் சுவர் எந்தப் பாதி என்று அவரே சொல்ல வேண்டும்.

"கல்யாண மாப்பிள்ளை மாதிரி கூட்டிட்டுப் போறீங்களே" என்று சிரித்துக்கொண்டே இறங்கியவர், கண்கட்டை அவிழ்த்ததும் சுவரை நெருங்கிப் பார்த்தார்.

விவசாயம் செய்த காலம் முழுக்கப் பயிரின் தலையை மட்டுமே பார்த்தவர் அவர். இப்போது அதன் காலடியில் நின்றார். ஒரு பக்கச் சுவரில் வேர்கள் அவர் மார்பளவோடு நின்றுவிட்டன. மறுபக்கத்தில் வெள்ளை வெளேரென்று மார்பைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, முழங்கால் வரைக்கும் இறங்கியிருந்தன. மண்புழு போன துளையைக்கூட விட்டுவைக்காமல், கல்லைச் சுற்றி வளைந்து, நூலை விட மெல்லியதாக இறங்கிக்கொண்டே இருந்தன. அடி மண்ணைத் தொட்டார். ஈரம். போன பருவத்து ஈரம் அங்கே யாருக்கோ காத்திருந்தது போலக் குளிர்ந்து கிடந்தது. இத்தனை காலம் தன் காலுக்குக் கீழே இப்படி ஒரு உலகம் நடந்துகொண்டிருந்ததா!

"என்னண்ணே, எது எதுன்னு சொல்லு" என்றாள் தங்கை மேலிருந்து.

"இதுல என்ன சந்தேகம்?" நீண்ட வேர்களை உள்ளங்கையால் தடவினார். "இதுதான் நான் ஒரு முறைகூட விடாம பாய்ச்சினது. ராஜா மாதிரி வளர்ந்திருக்கு பாரு!"

மேலே யாரோ இருமினார்கள்.

"இல்லண்ணே" என்றாள் அவள். "அது பட்டினி போட்டது. தண்ணியத் தேடி இறங்கியிருக்கு."

அவர் மறுபக்கம் திரும்பினார். மார்போடு நின்றுவிட்ட வேர்களை வெகுநேரம் பார்த்தார். முதல் முறையாகக் குரல் தாழ்ந்தது.

"செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டேனே, தங்கச்சி."

மேலே வரச் சொன்னார்கள். வரவில்லை. குழிக்குள் இருந்தபடியே, "நாளைக்கு மதகைத் திறக்க வேண்டாம்" என்றார்.

மறுநாள் காலை மூடிய மதகின் முன்னால் தண்ணீர் ஒரு நொடி சுழன்றது, பிறகு கீழே நடந்தது. அவரும் கூடவே நடந்தார். வழியில் ஒவ்வொரு மதகும் மூடியிருந்தது. காய்ந்த வாய்க்காலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, வெடிப்புகளுக்குள் சத்தம் போட்டு இறங்கி, நிரம்பி, மறுபடி கிளம்பியது தண்ணீர். தண்ணீரை அவர் வயலில் நிற்கத்தான் பார்த்திருக்கிறார். அது இவ்வளவு தூரம் போகும் என்பதே அவருக்கு அதிசயமாக இருந்தது.

கடைமடையில் தங்கை மதகுப் பலகையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பலகை பாதிக்கு மேல் வரவில்லை. அவரும் இறங்கிக் கைகொடுத்தார். இருவரும் சேர்ந்து அசைத்ததில் கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது. தண்ணீர் அவர்கள் முட்டி வரை ஏறிவிட்டது.

"எவ்வளவு தூக்கணும்?" என்று கேட்டார் அவர்.

வாய்க்கால் முழுக்க எல்லோருக்கும் தண்ணீர் அளவு சொல்கிறவள், பலகையைப் பிடித்தபடி அண்ணனைப் பார்த்தாள்.

"தெரியலண்ணே" என்றாள். "இவ்வளவு தண்ணி இங்க வந்ததே இல்ல."