உக்காந்துருச்சுங்களா?

உக்கடத்தில் முட்டை மொத்த வியாபாரம் செய்யும் அனீஸுக்கு வாயில் சரளமாக வரும் சொல் ஒன்றே ஒன்றுதான். ‘சரிங்க.’ லோடு தாமதமாக வந்தாலும் சரிங்க. பேக்கரிக்காரர் இன்றைக்கு வேண்டாம், நாளைக்குக் கொண்டு வா என்றாலும் சரிங்க. ஒருத்தர் மனசு நோக ‘இல்லை’ என்று சொல்வதைக் காட்டிலும் ஒரு டிரே முட்டையைத் தன் தலையில் கவிழ்த்துக்கொள்வான். நல்ல மனுஷன்தான், யார் இல்லையென்றது? ஆனால் இப்படி ஒரு நல்ல மனுஷனோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குத்தானே அந்தப் பாடு தெரியும்!

அவள் பெயர் நஸ்ரியா. மகள் ஷைமா ஒன்றாம் வகுப்புக்குப் போன கையோடு நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளுக்குக் குறியீட்டு எண் போடுகிற மெடிக்கல் கோடிங் படித்து முடித்து, பீளமேட்டில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். ஆறு வருஷம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு வெளியே எடுத்து வைக்கிற முதல் அடி. “நான் வேலைக்குப் போகட்டுங்களா?” என்று அவள் கேட்டபோது அனீஸ், “சரி கண்ணு” என்றான். அதே வாரம் அவனுடைய அம்மா பாத்திமுத்து போனில் கூப்பிட்டு, “அவள வேலைக்கெல்லாம் அனுப்பாதடா” என்றபோது, “சரிங்கம்மா” என்றான். இரண்டையும் நஸ்ரியா தன் காதாலேயே கேட்டாள். அந்த இரண்டில் எந்தச் சரி நிஜமான சரி என்பது அவளுக்கு விளங்கவே இல்லை. கேட்டால் அதற்கும் சரி என்பான் என்று விட்டுவிட்டாள்.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு அந்தக் கம்பெனியின் தேர்வு. வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் தனி அறை வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், கேமராவில் அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். செல்போனில் எழுத முடியாது. கம்ப்யூட்டரில் எட்டு ஜிபி மெமரி இருக்க வேண்டும். இவர்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது நாலு. தேர்வைத் தவறவிட்டால் ஆறு மாதத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

அனீஸ் முந்தின நாளே காந்திபுரத்துக் கடைக்குப் போய் மெமரியைக் கூட்ட இன்னொரு நாலு ஜிபி ராம் பட்டையை வாங்கி வந்துவிட்டான். கடையில் ரிப்பேர் பார்க்கும் சண்முகப்ரியா, “நானே வந்து போட்டுக் குடுத்தர்றேங்கண்ணா” என்றாள். “உங்களுக்கு எதுக்குங்க வீண் அலைச்சல், நானே மாட்டிக்கிறேங்க” என்று சொல்லிவிட்டான். மரியாதைக்கு ஓர் அளவு வேண்டாமா?

காலை ஒன்பதரைக்கு, நஸ்ரியா மாடியில் துணி காயப்போடப் போன நேரம் பார்த்து, கம்ப்யூட்டரைத் தரையில் படுக்க வைத்துத் திறந்தான். அவள் இறங்கி வருவதற்குள் முடித்துக் காட்ட வேண்டுமாம். புதியதை மட்டும் செருகியிருந்தாலாவது பரவாயில்லை. தூசி தட்டுகிறேன் என்று பழைய ராமையும் கழற்றித் துடைத்து, இரண்டையும் அதனதன் பள்ளத்தில் நிறுத்தி வைத்து, சுவிட்சைப் போட்டான். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து பீப், பீப் என்று நீளமாக ஒரு கூப்பாடு. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

நஸ்ரியா காலி வாளியோடு வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அனீஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

“பதறாதீங்கண்ணா” என்றாள் சண்முகப்ரியா. “கரண்ட்டு ஒயரப் புடுங்கிப்போட்டு, ரெண்டு ராமையும் வெளிய எடுங்க. அடியில தங்கக் கலர்ல பல்லு மாதிரி இருக்கும் பாருங்க, அத ரப்பர் வெச்சு மெதுவாத் தேய்ங்க. அப்பறம் ஒண்ண மட்டும் போடுங்க.”

ஷைமாவின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பர் வந்தது. தேய்த்தான். ஒன்றை மட்டும் வைத்தான்.

“நல்லா உக்காந்துருச்சுங்களாண்ணா?”

“உக்காந்துருச்சுங்க.”

“ரெண்டு பக்கமும் டக்குனு சத்தம் கேட்டுச்சுங்களா?”

“கேட்டுச்சுங்க.”

சுவிட்சைப் போட்டான். பீப், பீப். அடுத்த பள்ளத்தில் வைக்கச் சொன்னாள், வைத்தான். உட்கார்ந்ததா என்றாள், உட்கார்ந்தது என்றான். சத்தம் கேட்டதா என்றாள், கேட்டது என்றான். மறுபடியும் அதே பீப்.

“அப்டின்னா போர்டே போயிருக்குமோ என்னமோங்கண்ணா. கடைக்குக் கொண்டாந்துருங்க. சாயங்காலத்துக்குள்ள பாத்துத் தந்தர்றேன்.”

“சரிங்க” என்று போனை வைத்தான். மணி பத்தே கால்.

நஸ்ரியா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கறுப்புத் திரையைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“ஏனுங்க, வேணும்னே செஞ்சீங்களா?”

அனீஸ் நிமிர்ந்து பார்த்தான். “என்ன கண்ணு இப்படிக் கேட்டுப்போட்டே?”

“பின்ன என்னத்த நெனைக்கிறது? உங்கம்மாகிட்டயும் சரி, எங்கிட்டயும் சரி. இப்ப அந்தப் பொண்ணுகிட்டயும் கேட்டுச்சுங்க, கேட்டுச்சுங்கன்னு சொல்றீங்க. நானும் இங்கதான நிக்கிறேன், எனக்கு ஒரு சத்தமும் கேக்கலியே! உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?”

அவன் கையிலிருந்த ராமைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“கேக்கல.”

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் ‘இல்லை’ அதுதான்.

“அப்பறம் எதுக்குக் கேட்டுச்சுன்னீங்க?”

“பாவம், அந்தப் புள்ள அத்தன தன்மையாக் கேக்குது. இல்லைன்னு எப்படிச் சொல்றது?”

“அழுத்திப் பாக்கறதுதானுங்களே!”

“ஒடஞ்சுபோச்சுன்னா? நீ பரிட்சை எழுதறதாச்சே.”

பதினைந்து வருஷமாக முட்டை எடுத்து வைத்துப் பழகிய கை. டிரேயின் குழியில் முட்டையை விடுகிற மாதிரியே ராமையும் பள்ளத்தில் விட்டிருக்கிறான். அது உட்காரவே இல்லை. கல்யாண வீட்டில் ஒரு தரம் மட்டும் ‘உக்காருங்க’ என்று சொல்லப்பட்ட விருந்தாளி மாதிரி நின்றுகொண்டே இருந்திருக்கிறது. நஸ்ரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

“இன்னொண்ணும் கேக்கறேன். இதுக்கும் நெசத்தச் சொல்லிப்போடுங்க. நான் வேலைக்குப் போறது உங்களுக்குப் புடிச்சிருக்குதுங்களா?”

“இல்ல” என்றான் அனீஸ்.

அவள் முகம் சுருங்கியது. அவன் அவசரமாகப் பேசினான். இத்தனை நீளமாக அவன் பேசியதே கிடையாது.

“மத்தியானம் ஊட்டுக்கு வாரப்ப நீ கதவத் தொறந்து ‘வாங்க’ன்னு சொல்லுவே பாரு, அதுக்குத்தான் காத்தால இருந்து அந்தக் கடைல நிக்கிறேன். நீ பீளமேடு போயிட்டீன்னா நானே பூட்டத் தொறந்து, நானே போட்டுத் திங்கோணும். எனக்கு அது புடிக்கல. ஆனா நீ படிக்கறப்ப உன்ற மூஞ்சியப் பாத்தேன் நஸ்ரியா. கலியாணம் ஆன புதுசுலகூட அப்படி ஒரு வெளிச்சத்த நான் பாத்ததில்ல. அது அணையக் கூடாது. நீ போகோணும். இது சும்மா சொல்ற சரி இல்ல.”

நஸ்ரியா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“அழுத்துங்க.”

“ஒடஞ்சா?”

“ஒடஞ்சா போச்சாது. அழுத்துங்க.”

இரண்டு கட்டை விரலையும் ராமின் இரண்டு முனையிலும் வைத்தான். பிஸ்மில்லா சொல்லிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினான். டக். மறுமுனையில் இன்னொரு டக். ஓரத்திலிருந்த கொக்கி தானாகவே எழுந்து வந்து ராமைப் பிடித்துக்கொண்டது. புதியதையும் அதே மாதிரி அழுத்தினான். டக், டக். ஒயரைச் செருகி சுவிட்சைப் போட்டபோது பீப் சத்தம் வரவில்லை. திரையில் எழுத்து ஓடியது. நஸ்ரியா செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்து, “எட்டு ஜிபி காட்டுதுங்க!” என்று கத்தினாள். மணி பத்து முப்பத்தைந்து.

அனீஸ் உடனே சண்முகப்ரியாவைக் கூப்பிட்டான். “போர்டு நல்லாத்தான் இருக்குதுங்க. அது உக்காரவே இல்லீங்க. நாந்தான் பொய் சொல்லிப்போட்டேன்.”

“அதைய மொதல்லயே சொல்லியிருந்தா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருக்குமேங்கண்ணா!” என்று அவள் சிரித்தாள்.

பத்தேமுக்காலுக்கு நஸ்ரியா தேர்வுப் பக்கத்துக்குள் நுழைந்தாள். கேமரா விளக்கு எரிந்தது. அனீஸ் வெளியே வந்து கதவைச் சாத்தப் போன நேரத்தில் சட்டைப் பையில் போன் அடித்தது. பாத்திமுத்து.

“ஏன்டா, அவ இன்னைக்கு என்னமோ பரிட்சை எழுதறாளாமே? அனுப்பாதன்னதுக்குச் சரின்னு சொன்னியேடா!”

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு சரி வந்து விழும். அனீஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“சொன்னேனுங்கம்மா. உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொன்னது அது, நெசமில்லீங்க. அவ வேலைக்குப் போவா.”

பாத்திமுத்துவின் குரல் இறங்கி வந்தது. “எங்கிட்ட நீ ஒருநாளும் இல்லைன்னு சொன்னதில்லையேடா.”

“இன்னைக்குச் சொல்றேனுங்கம்மா” என்றான். சொன்னதை அவன் மாற்றிக்கொள்ளவில்லை.

பாதி திறந்திருந்த கதவுக்குப் பின்னாலிருந்து மூக்கடைத்த குரல் ஒன்று வந்தது.

“ஏனுங்க, கதவச் சாத்துங்க. அவங்க கேமராவுல பாத்துட்டிருக்காங்க. இந்த நேரத்துல என்னைய அழுக வெக்காதீங்க.”